நாற்றத்துக்கு ஒரு வாக்கியம்

அந்த ஹோட்டலின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. வெளியே மழையா வெயிலா என்பது ஷிப்ட் முடிந்து படியேறி வந்தால்தான் தெரியும். உள்ளே வருஷம் முழுக்க ஒரே பருவம், புழுக்கம். மேல் மாடிகளிலிருந்து ஒரு தகரக் குழாய் வழியாக அழுக்குத் துணி பொத்துப் பொத்தென்று வந்து விழும். பெட்ஷீட், டவல், தலையணை உறை, மேசை விரிப்பு என்று பிரித்துப் போட்டு, கறைக்கு மருந்து தடவி, மெஷினில் திணித்து, பிழிந்து, காயவைத்து, உருளைக்குள் விட்டு இஸ்திரி போட்டால், கடைசியாக அது மடிப்பு மேசைக்கு வந்து சேரும். அங்கேதான் அவள் நின்றாள். கல்யாணமான புதிதில் வந்து நின்றவள், தலையில் பாதி நரைத்த பிறகும் அதே மேசையில் நின்றுகொண்டிருந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட அங்கே ஆளில்லை. எல்லோருக்கும் மடிப்பக்கா.

இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டிய பெட்ஷீட்டை அவள் ஒருத்தியே மோவாயில் ஒரு முனையை இடுக்கிக்கொண்டு மடித்துவிடுவாள். அதற்கு விலையாகத் தோள்பட்டை இரண்டும் வீட்டுக்குப் போனபின் கழன்று விழுகிற மாதிரி வலிக்கும். யாரிடமும் சொல்லமாட்டாள். சொன்னால் வலி குறையவா போகிறது.

மேனேஜர் ஒருநாள் படியிறங்கி வந்தபோதே ஏதோ சரியில்லை என்று எல்லோருக்கும் பட்டுவிட்டது. அவர் கீழே வந்து யாரும் பார்த்ததில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: இனிமேல் துணியெல்லாம் வெளியே ஒரு கம்பெனிக்குப் போகும். இந்தக் கூடத்தை மூடப் போகிறோம். விருந்தினர்களோடு இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசத் தெரிந்தவர்களை மாடிகளில் அறை வேலைக்கு எடுத்துக்கொள்வோம். மற்றவர்களுக்குக் கணக்கு முடித்து அனுப்புவோம். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஹோட்டலே ஒரு டீச்சரை ஏற்பாடு செய்திருக்கிறது.

அவர் போன பிறகு இஸ்திரி போடுகிற அண்ணன், உருளையை நிறுத்திவிட்டு, "இத்தனை வருஷம் துணிக்கு இங்கிலீஷ் தேவைப்படல. மெத்தைக்குத் தேவைப்படுதாம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

வகுப்பு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஊழியர்கள் சாப்பிடும் அறையில். சாப்பிட்ட அசதியில் கண்ணைச் செருகும் நேரம். டீச்சர் சின்னப் பெண். மடிப்பக்காவுக்குக் காலாகாலத்தில் ஒரு பெண் பிறந்திருந்தால் அந்த வயசுதான் இருக்கும். முதல் சில நாட்கள் அவள் என்னென்னவோ முயன்று பார்த்தாள். "மை நேம் இஸ்" வரைக்கும் எல்லோரும் வந்தார்கள். அதற்கு மேல் கேள்வி கேட்டால் ஊமை கண்ட கனாதான். உள்ளே இருக்கிறது, வெளியே வரவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் சிரிப்பார்களே என்ற பயத்தில், முப்பது வருஷம் மெஷினோடு மல்லுக்கட்டியவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு டீச்சர் பாடம் எதையும் எடுக்கவில்லை. போனில் ஒரு வீடியோவைப் போட்டு மேசை மேல் நிறுத்தினாள். எந்த நாட்டு ஆட்களோ, வேறு எந்த நாட்டுச் சாப்பாடோ. ஒருவன் தகர டப்பாவைத் திறந்தான். உள்ளே ஊறிப் புளித்த மீன். திறந்ததும் சுற்றி நின்றவர்கள் நாலு திசைக்கும் சிதறினார்கள். மலை மாதிரி இருந்த ஓர் ஆள் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டுக் கண்ணில் நீர் தளும்ப ஏதோ சொன்னான்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டாள் டீச்சர்.

"செத்தேன்னு சொல்லியிருப்பான்" என்றார் இஸ்திரி அண்ணன்.

"கிட்டத்தட்ட அதான். 'ஐ கான்ட் ஸ்டாண்ட் இட்.' என்னால தாங்க முடியலன்னு அர்த்தம்."

மெஷினில் துணி போடுகிற பெண் சந்தேகத்தோடு கேட்டாள். "ஸ்டாண்டுன்னா நிக்கிறதுதானே டீச்சர்? அவன் நின்னுக்கிட்டுத்தானே இருக்கான்."

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள். சிரித்த கையோடு பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

மேலே சமையலறையில் விருந்தினர்களுக்கு வைக்கும் வெளிநாட்டுச் சீஸ். வெள்ளைக் கட்டிக்குள் நரம்பு ஓடுகிற மாதிரி நீலப் பூஞ்சை. மழைக்காலத்தில் சுவரில் பூப்பதைப் பார்த்திருக்கிறார்கள், சாப்பாட்டில் பூத்து, அதையும் ஒரு கூட்டம் காசு கொடுத்துச் சாப்பிடுகிறது என்பதை யாராலும் நம்ப முடியவில்லை.

"ஆளுக்கொரு துண்டு. வாயில போட்டதும் மனசுல என்ன வருதோ அத சொல்லணும். 'இட் ஸ்மெல்ஸ் லைக்', இது மாதிரி நாறுது. அவ்வளவுதான் இன்னைக்குப் பாடம். தப்பா சொன்னாலும் சிரிக்க மாட்டோம், எல்லார் வாயிலயும் இதுதான் இருக்கப்போகுது."

இஸ்திரி அண்ணன் முதலில் போட்டார். முகம் அஷ்டகோணலாகிவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இட் ஸ்மெல்ஸ் லைக் மை ஷூ" என்றார். பிறகு யோசித்து, "மை பிரதர் ஷூ" என்று திருத்திக்கொண்டார். மெஷின்காரப் பெண் வாயில் வைத்ததும் குப்பைத் தொட்டிக்கு ஓடினாள். ஓடிக்கொண்டே, "ஐ கான்ட் ஸ்டாண்ட், ஐ கான்ட் ஸ்டாண்ட்" என்றாள். டீச்சர் கைதட்டினாள்.

மடிப்பக்காவின் முறை வந்தது. நாக்கில் வைத்ததும் முதலில் உப்பு, பிறகு ஊசி குத்துகிற மாதிரி ஒரு சுருக், அப்புறம் அந்த நாற்றம் தொண்டை வழியாக மேலேறி மூக்குக்குள் போய் உட்கார்ந்தது. அது அவளுக்குப் புதுசாக இல்லை. விடுமுறைக் காலத்தில் துணி மலையாகக் குவியும்போது, அடியில் அகப்பட்ட ஈரத் துணி மூன்று நாள் கழித்துக் கையில் வருமே, அதேதான்.

"இட் ஸ்மெல்ஸ் லைக்," என்றாள். நிறுத்தினாள். "வெட் பெட்ஷீட். த்ரீ டேஸ்."

"சூப்பர்க்கா" என்றாள் டீச்சர். "பாருங்க, இத யாரும் உங்களுக்குச் சொல்லித்தரல. நீங்களே சொன்னது."

மடிப்பக்காவுக்கு முகம் சூடாகிவிட்டது. எழுந்து போகும்போது டீச்சரிடம் கொஞ்சம் கேட்டு வாங்கி, ஒரு தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டில் அவருக்குக் கொடுத்து, மூஞ்சி போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சின்னப் பிள்ளை மாதிரி ஓர் ஆசை.

அவள் வீட்டுக்காரர் சமையல்காரர். பஸ் டிப்போ கேன்டீனில் டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் அத்தனை பேருக்கும் அவர் கைச் சாப்பாடுதான். அடுப்பைப் பார்க்காமலே அடுப்பில் நடப்பதைச் சொல்லுகிற ஆள். அவள் உள்ளே கடுகு தாளித்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கருக விட்டுட்ட" என்பார். இருபத்தைந்து வருஷம் அந்தப் பேச்சைக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப் போயிருந்தது. மழைக்காலத்தில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவர் அப்படி எதுவும் சொல்வதில்லை. போட்டதைச் சாப்பிட்டார். அடிபிடித்த பாலைக்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார். வயசாக ஆக ஆளுக்கு நிதானம் வந்துவிட்டது என்று நினைத்து அவள் உள்ளூரச் சந்தோஷப்பட்டாள்.

பஸ்ஸில் கூட்டம். பை, அவள் வயிற்றுக்கும் இன்ஜின் சூட்டுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டே வந்தது. இறங்குவதற்குள் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் நகர்ந்துவிட்டார்கள். மூன்றாவது மாடி ஏறி, நடையில் கடைசியாக இருந்த வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பனியனுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்.

பொட்டலத்தை அவர் முன்னால் வைத்துப் பிரித்தாள். உருகி, ஓரமெல்லாம் வழவழத்து, மத்தியானத்தைவிடப் பத்து மடங்கு நாறியது. அவளே ஓர் அடி பின்வாங்கினாள்.

"என்ன இது?"

"தின்னு பாருங்க. ஹோட்டல்ல குடுத்தது."

அவர் மூக்கைச் சுளிக்கவில்லை. ஊசியைப் பனியனில் குத்தி வைத்துவிட்டு, விரலால் வழித்து நாக்கில் வைத்தார். அவள் சிரிக்கத் தயாராக நின்றாள். அவர் கண் மெல்ல விரிந்தது. மறுபடி வழித்தார்.

"உப்பு தெரியுது" என்றார் மெதுவாக. "அப்புறம் நாக்குல ஏதோ குத்துது. சுருக்குன்னு. நல்லா இருக்கே."

"நல்லா இருக்கா?"

"இன்னும் கொஞ்சம் வாங்கிட்டு வந்திருக்கலாம்ல."

அவர் தாளையே சுரண்டிச் சாப்பிட ஆரம்பித்திருந்தார். அந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது. எதிர் வீட்டம்மா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்ல எலி கிலி செத்துக் கிடக்கா? நடை முழுக்க நாத்தம் தாங்கல. பிள்ளைங்க சாப்பாட்டு முன்னால உக்கார மாட்டேங்குதுங்க."

மடிப்பக்கா வாயைத் திறப்பதற்குள் அவர் உள்ளேயிருந்தே சொன்னார். "இங்க ஒரு நாத்தமும் இல்லையேம்மா. கீழ சாக்கடையா இருக்கும்."

விரல் நுனியில் சீஸ் ஒட்டியிருக்க, மூக்குக்கு ஒரு சாண் கீழே அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர் அதைச் சொன்னார்.

எதிர் வீட்டம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள். மடிப்பக்கா கதவைச் சாத்தினாள். சாத்திய கதவின் மேலேயே கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

"என்ன எப்பலேர்ந்து?"

"எப்பலேர்ந்துங்க வாசனை தெரியல?"

அவர் தாளை மடித்தார். நாலாக, எட்டாக, அதற்கு மேல் மடிக்க முடியாதவரை மடித்தார்.

"காய்ச்சல் விட்டதுலேர்ந்து. முதல்ல சளின்னு நெனச்சேன். சளி போச்சு, இது போகல. எதத் தின்னாலும் வெந்நீர்ல நனைச்ச அட்டை மாதிரி இருக்கு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்ன செய்வ? மூக்கில்லாத சமையல்காரன எவன் வச்சிப்பான், சொல்லு. பாட்டுக்காரனுக்குத் தொண்ட போனாலாவது தாளம் போடலாம்."

"அப்புறம் எப்படிச் சமைக்கிறீங்க?"

"கை பழக்கம்தான். நிறத்தப் பார்ப்பேன். எண்ணெய் சத்தத்தக் கேப்பேன். மத்ததுக்குக் காய் வெட்டுற அம்மா இருந்தாங்க. கரண்டியில எடுத்து, பதம் பாரும்மான்னு நீட்டுவேன். அவங்க சரின்னா சரி."

இருந்தாங்க என்று அவர் சொன்னதும் அவளுக்கு நினைவு வந்தது. காய் வெட்டும் அம்மாவை மூன்று வாரம் முன்பு வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். டிப்போவில் ஏழெட்டு பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. குழம்புப் பானையை முந்தின நாள் குளிர்பெட்டியில் வைக்காமல் வெளியே விட்டது அந்தம்மாதான் என்று முதலாளி கண்டுபிடித்து அன்றைக்கே அனுப்பிவிட்டார். வீட்டுக்காரர் வந்து அதைச் சொன்னபோது மடிப்பக்காவும், "சாப்பாட்டு விஷயத்துல கவனமா இருக்க வேணாமா" என்று சொல்லியிருந்தாள்.

"அந்தக் குழம்பு," என்று ஆரம்பித்தாள்.

"அவங்க வெளிய வச்சது நிஜம்" என்றார் அவசரமாக. "நான் இட்டுக்கட்டல."

"வெளிய வச்சது அவங்க. மறுநாள் அத எடுத்துப் புதுக் குழம்புல ஊத்தினது யாரு?"

அவர் மடித்த தாளை இன்னும் அழுத்தினார்.

"மூக்கிருந்தா ஊத்தியிருப்பீங்களா?"

"அன்னைக்கு அவங்க வர்றதுக்கு நேரமாயிடுச்சு. சாப்பாட்டு மணி அடிக்கப்போகுது. நான் மோந்துதான் பார்த்தேன். எனக்கு எல்லாமே ஒண்ணாத்தான் இருந்துச்சு." குரல் இறங்கிக்கொண்டே போனது. "முதலாளி கேட்டப்ப, பானைய வெளிய வச்சது யாருன்னுதான் கேட்டார். நான் கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

அவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள். நாற்றம் போக ரொம்ப நேரம் பிடித்தது. அவருக்கு அது போனதும் தெரியவில்லை.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "இந்தக் காய்ச்சலுக்கப்புறம் சில பேருக்கு இப்படி ஆகுது. வந்தாலும் வரும், வராமலும் போகும். பொறுமையா இருங்க" என்றார். பொறுமை என்ற வார்த்தையை ஆஸ்பத்திரியில் கேட்டுக் கேட்டே ஏழைக்கு ஆயுள் போய்விடுகிறது.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சுக் குறைந்தது. சண்டை இல்லை. சண்டை போடத் தெம்பு வேண்டுமே. முதலாளியிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள் என்று அவள் ஒரு முறை சொன்னாள். அவர், "உன் வேலையும் ஊசலாடுது. ரெண்டு பேரும் தெருவுல நிக்கலாமா?" என்றார். அவர் சொன்னதில் இருந்த நியாயம் அவளுக்குப் பயமாக இருந்தது. காலையில் அவர் டிப்போவுக்கும் அவள் ஹோட்டலுக்கும் போனார்கள். அவள் பெட்ஷீட் மடித்தாள். மத்தியானம் வகுப்பு.

'நேற்று', 'இன்று' இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வது என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தாள். இன்றைக்கு இருப்பது 'இஸ்'. நேற்று இருந்து இன்றைக்கு இல்லாமல் போனது 'வாஸ்'. "ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு இட்" என்றும் ஒன்று சொல்லிக்கொடுத்தாள். பிடிக்காத சாப்பாட்டை மறுபடி மறுபடி சாப்பிட்டுப் பார்க்கிறவர்கள் அப்படிச் சொல்வார்களாம், பழகிக்கொண்டு வருகிறேன் என்று. இஸ்திரி அண்ணன், "இத நாம பிறந்தப்பவே சொல்லிக்குடுத்திருக்கணும்" என்றார். அவருக்கு எந்த வாக்கியமும் ஒரு நாளைக்கு மேல் நாக்கில் தங்கவில்லை. சீஸ் தின்ற அன்றைக்கு ஷூவைப் பற்றிச் சொன்னது ஒன்றுதான் நின்றது.

வார விடுமுறையன்று மடிப்பக்கா மார்க்கெட்டுக்குப் போனாள். மளிகை மொத்தக் கடையின் பின்பக்கம், லாரி நிற்கிற சந்தில், நாலைந்து பெண்கள் சாக்கு விரித்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். உரிக்கிற எடைக்குக் கூலி. அதில் ஒருத்தி தலையைத் தூக்கி, "அண்ணி" என்று கூப்பிட்டாள்.

காய் வெட்டும் அம்மா. முகம் வற்றியிருந்தது. நகக்கண்ணெல்லாம் பூண்டுச் சாறு பட்டு வெந்து சிவந்திருந்தது.

"நல்லா இருக்கீங்களா அண்ணி? அண்ணன் எப்படி இருக்கார்? காய்ச்சலுக்கப்புறம் ஆளே தளந்து போயிருந்தார். இருமல் நின்னுச்சா?"

"நின்னுடுச்சு" என்றாள் மடிப்பக்கா. "நீங்க இங்கயா இருக்கீங்க?"

"கெடைச்சது இதுதான். கை எரியுது, அவ்வளவுதான். பழகிடும்." பேசிக்கொண்டே ஒரு பூண்டை நகத்தால் கீறினாள். "தப்பு என் மேலதான் அண்ணி. பானைய உள்ள வைக்காம விட்டுட்டேன். அன்னைக்கு என்ன நெனப்புல இருந்தேனோ. நல்லவேளை, யாருக்கும் உயிருக்கு ஒண்ணும் ஆகல. அண்ணனுக்கு என்னால கெட்ட பேரு. என் மேல எவ்வளவு நம்பிக்கை வச்சிருந்தார் தெரியுமா? எல்லாத்தையும் என்கிட்ட நீட்டி, பதம் பாரும்மா, பதம் பாரும்மான்னுவார். என் வீட்டுக்காரர்கூட என்ன ஒரு வார்த்த அப்படிக் கேட்டதில்ல."

மடிப்பக்கா வாங்க வந்ததை வாங்காமல் திரும்பிவிட்டாள்.

அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், காய் வெட்டும் அம்மா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னாள். கடைசியில், "உங்க மூக்கா இருந்திருக்காங்க. அது அவங்களுக்கே தெரியாது. நம்பிக்கைன்னு நெனச்சிட்டிருக்காங்க" என்றாள்.

அவர் முறத்தை அசைத்துக்கொண்டே இருந்தார். அரிசி ஒரு பக்கமாக ஒதுங்கிக் கீழே கொட்டியது. அதைப் பொறுக்கவில்லை.

"கை எரியுதுன்னா சொன்னாங்க?" என்றார்.

"ஆமா."

மறுநாள் அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பினார். சாயங்காலம் அவள் வந்தபோது நடையில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார் முதலாளி?"

"வாயில வந்ததெல்லாம் சொன்னார். மூக்கில்லாதவனயா அடுப்புல நிக்க வச்சேன், ஊரையே கொன்னிருப்பியேன்னார். நான் நின்னு கேட்டுக்கிட்டேன். உக்காந்து கேக்குற விஷயமா அது." சுவரிலிருந்து கையை எடுத்தார். "அவருக்கு ஆள் வேணும். டிப்போவுல ஒரு வேள சாப்பாடு நின்னா கான்ட்ராக்ட் போயிடும். அந்தம்மாவுக்கு ஆள் அனுப்பினார். என் கைப்பக்குவம் எல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். நாளையிலேர்ந்து அடுப்பு அவங்களுது."

"நீங்க?"

"காய் வெட்டப் போறேன். அவங்க சம்பளத்துக்கு."

"அவங்க உங்ககிட்ட பேசினாங்களா?"

"வந்தாங்க. முதலாளி விஷயத்தச் சொன்னார். என்னப் பார்த்தாங்க. அப்புறம் கையக் கழுவிட்டு, மிச்சமிருந்த பாத்திரத்தப் பார்க்கப் போயிட்டாங்க. ஒரு வார்த்த பேசல." அவர் உள்ளே போனார். "திட்டியிருக்கலாம்" என்பது மட்டும் உள்ளேயிருந்து கேட்டது.

அதன் பிறகு வந்த நாட்களில் அவர் வீட்டுக்கு வந்ததும் விரல்களை வெந்நீரில் ஊறவைத்தார். கரண்டி பிடித்த கைக்குக் கத்தி புதுசு. கட்டைவிரலில் இரண்டு வெட்டு. காய் வெட்டும் அம்மா இன்னும் பேசவில்லை. கூடையைக் கொண்டுவந்து முன்னால் வைப்பாள், எப்படி வெட்ட வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு துண்டு வெட்டிக் காட்டிவிட்டுப் போவாள். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

மடிப்பக்காவுக்குத் தேர்வு வந்தது. மேனேஜர் அறையில் குளிர்பதனம் ஓடியது. வாழ்நாளெல்லாம் புழுக்கத்தில் நின்றவளுக்கு உடம்பு வெடவெடத்தது. மேனேஜர் ஒரு பக்கம், டீச்சர் ஒரு பக்கம். பெயர் கேட்டார், சொன்னாள். எங்கே குடியிருக்கிறாய், எப்படி வேலைக்கு வருகிறாய், எல்லாம் சொன்னாள். விருந்தினர் அறையில் டவல் கேட்டால் என்ன சொல்வாய் என்றார், சொன்னாள். டீச்சர் கண்ணாலேயே சரி சரி என்றுகொண்டிருந்தாள்.

"வாட் டஸ் யுவர் ஹஸ்பண்ட் டூ?"

இதற்கு அவள் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். 'மை ஹஸ்பண்ட் இஸ் எ குக்.' குளிக்கும்போதும் பஸ்ஸிலும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம். இப்போது அது பொய். மாற்றிச் சொல்ல வேண்டும். நேற்று இருந்து இன்றைக்கு இல்லாமல் போனதற்கு என்ன?

"மை ஹஸ்பண்ட் வாஸ்," என்றாள். "வாஸ் எ குக்."

மேனேஜர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். குரல் தணிந்து, "ஓ. ஐ ஆம் ஸோ சாரி" என்றார்.

எதற்கு இவர் மன்னிப்புக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் முகமும் வாடியிருந்தது. பிறகுதான் உறைத்தது. ஐயையோ, ஆளையே கொன்றுவிட்டேனா.

"நோ சார், நோ சார்" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "ஹி இஸ் தேர். இன் ஹவுஸ். ஈட்டிங், ஸ்லீப்பிங், எவ்ரிதிங். ஒன்லி குக் வாஸ்."

"தென் வொய் வாஸ்?"

அவள் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். லிப்ட் பழுதானால் அதன் கதவில் ஓர் அட்டை தொங்கவிடுவார்கள். அதில் இருக்கும் வார்த்தைகள்தான் வாயில் வந்தன.

"நோஸ் நாட் வொர்க்கிங், சார்."

மேனேஜர் அவளையே பார்த்தார். சிரிக்கவில்லை. "உட்காருங்க" என்று தமிழில் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிட்டார்கள். அவளுக்கு இரண்டாவது மாடி. மெஷின்காரப் பெண்ணுக்கும் கிடைத்தது. இஸ்திரி அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. அவர் உருளையின் சுவிட்சை அணைத்துவிட்டு, அது முழுசாகச் சுற்றி நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றார். மடிப்பக்கா கிட்டப் போனாள். "போம்மா, பஸ்ஸ விட்டுடாத" என்றார் அவர்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. தோள்பட்டைதான் வலித்தது. நாளை முதல் மெத்தை தூக்க வேண்டும்.

அவரிடம் தேர்வில் நடந்ததைச் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்தவர், மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிய இடத்தில் சிரிக்க ஆரம்பித்தார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை. சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார்.

"அப்ப எனக்கு ஒரு துக்க விசாரிப்பு ஆயிடுச்சு."

"வாய் குழறிடுச்சுங்க. நான் என்ன செய்வேன்."

"குழறல. சரியாத்தான் சொல்லியிருக்க." சிரிப்பு அடங்கியது. "இப்ப என்ன வேலை பார்க்கறார்னு கேட்டிருப்பாரே?"

"கேட்டார். கட்டிங் ஆனியன்னு சொன்னேன்."

"ஆனியன்னா?"

"வெங்காயம்."

அவர் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இன்னைக்கு ஒரு மூட்ட. வாசனதான் தெரியல. கண்ணுல தண்ணி மட்டும் ஒழுங்கா வருது." பிறகு, சாதாரணமாகச் சொல்கிற மாதிரி, "அந்தம்மா இன்னைக்குப் பேசினாங்க. பொடிசா வெட்டுங்கண்ணே, இது ரொம்பப் பெரிசுன்னாங்க" என்றார்.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் மூக்கருகே கொண்டுபோனாள். வெந்நீரில் ஊறவைத்தும் போகாமல் விரலிடுக்கெல்லாம் பச்சை வெங்காயம்.

"நாறுதா?" என்றார்.

"நாறுதுங்க. நல்லா."

அவர் இன்னொரு கையையும் நீட்டினார்.